அடுக்களைக்கு ஒளி தந்த லூயி பாஸ்டர்

உண்ணும் சோறு உயிரை வளர்ப்பது. அதுவே ஒரோவழி உயிரைக் கவர்தலும் உண்டு. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தைச் சார்ந்த வாங்காமத்திற் கந்தூரி உணவு உண்டோருள் நூற்றுக்கணக்கானோர் நோயுற்று வைத்தியசாலைகளை அடைந்தனர். மூவர் உயிர் துறந்தனர். அன்போடு ஆக்கி அன்போடு பகிரப்படுவது கந்தூரிச் சோறு. ஆயினும், உள்ளத்தின் தூய்மை ஒன்றே உணவைக் காக்கமாட்டாது என்பதை அத்துயரம் உணர்த்திற்று. உணவு எங்ஙனம் கெடுகின்றது, கெடாமற் காப்பது எவ்வாறு என்னும் வினாக்களுக்குச் சோதனை வாயிலாக விடை கண்டோருள் தலையாயவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். அவர்தம் வாழ்வு நம் இல்லத்து அடுக்களைக்கு மிக அணித்தானது.

அவர் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் டோல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளர். நெப்போலியன் படையிற் பணிபுரிந்தவர். ஆர்புவா என்னும் சிற்றூரில் வளர்ந்த பாஸ்டர், இளமையில் ஓவியத்திற் பெருவிருப்புடையவராய் இருந்தார். பெற்றோர் உருவங்களை அவர் தீட்டிய வண்ணப் படங்கள் இன்றும் உள்ளன. பின்னர்ப் பாரிசு சென்று இரசாயனம் பயின்றார். 1848இற் பளிங்குருக்களைப் பற்றி அவர் செய்த ஆய்வு அறிஞருலகிற் பெயர் தேடித் தந்தது. மறு ஆண்டு மரி லோரான் என்னும் நங்கையை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுரைகளை எழுதி, அவர் பணிக்கு உற்ற துணையாய் வாழ்ந்தவர் அவ்வம்மையார்.

1854இல் லீல் நகரத்துப் பல்கலைக்கழகப் பதவி பாஸ்டரை வந்தடைந்தது. அங்கே பீட்கிழங்கிலிருந்து மதுசாரம் வடிப்போர், தம் தொட்டிகள் சில புளித்துக் கெடுகின்றனவே என முறையிட்டனர். பாஸ்டர் நுண்காட்டியின் வாயிலாக நோக்கினார். நன்கு நொதித்த தொட்டியில் மதுவம் என்னும் உயிர் இருந்தது. கெட்ட தொட்டியில் வேறு நுண்ணுயிர்கள் மலிந்திருந்தன. 1857இல் பால் புளித்தலும் ஓர் உயிரின் தொழிலே என்று எடுத்துரைத்தார். அம்பாறைப் பக்கத்து எருமைத் தயிரின் சுவையை அறியாதார் யார்? பாலைக் காய்ச்சி, ஆற்றி, அளவாய் உறை ஊற்றும் இல்லத்தரசி, வேண்டாத உயிரை அழித்து வேண்டிய உயிரை வளர்க்கின்றாள். கைப்பழக்கமாய் அவள் செய்துவந்த தொழிலின் காரணத்தைப் பாஸ்டர் விளக்கினார்.

1859இல் பெருந்துன்பம் ஒன்று அவர் குடும்பத்தைத் தாக்கிற்று. மூத்த மகள் ஜான், ஒன்பது வயதில் நெருப்புக் காய்ச்சலால் மாண்டாள். அத்துயரைச் சுமந்தவாறே அவர் தம் புகழ்பெற்ற சோதனைகளைச் செய்தார். கண்ணாடிக் குடுவையிற் சாறு பெய்து, அதன் கழுத்தை அன்னத்தின் கழுத்துப்போல் நீட்டி வளைத்து, சாற்றைக் கொதிக்க வைத்தார். வாய் திறந்திருந்தும் சாறு கெடவில்லை; காற்றில் வந்த தூசி வளைவிலேயே தங்கிவிட்டது. கழுத்தை ஒடித்தபோதோ, சின்னாளிற் சாறு கலங்கிக் கெட்டது. உணவைக் கெடுக்கும் உயிர் உணவிலிருந்து தானே தோன்றுவதன்று, வெளியிலிருந்து வருவதே என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. அடுத்து, கொதிநிலைக்குக் குறைந்த அளவான சூட்டினால் திராட்சை மதுவைக் கெடாமற் காக்கலாம் எனக் கண்டார். பிறர் அம்முறையைப் பாலுக்கும் பயன்படுத்தினர். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது.

எனினும், அறிவு வளர்ந்த அவ்வாண்டுகளிலேயே இல்லம் வெறுமையாயிற்று. 1865இல் இரண்டு வயதுக் குழந்தை கமீயை நோய் கொண்டுபோயிற்று. 1866இற் பன்னிரண்டு வயதுச் செசீலும் நெருப்புக் காய்ச்சலுக்கு இரையானாள். மாசுற்ற நீராலும் உணவாலும் பரவும் நோய் அது. அதன் கிருமியை அறிஞர் கண்டதோ 1880இல். உணவு கெடும் மருமத்தை உலகுக்கு விளக்கிய தந்தை, அவ்வழியே பரவும் நோய்க்குத் தம் மக்கள் இருவரைப் பறிகொடுத்தார்.

1868இற் பக்கவாதம் அவரது இடப்புறத்தைச் செயலிழக்கச் செய்தது. அவர் சோர்ந்திலர். பட்டுப்புழு நோயை ஆராய்ந்தார்; 1881இல் கால்நடைகளின் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசியின் பயனைப் பலர் காண நிறுவினார்; 1885இல் நாய்க்கடியுண்ட சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ஊசியேற்றினார். அவர் பெயர் தாங்கிய நிலையம் 1888இற் பாரிசிலே திறக்கப்பட்டது. தமிழகத்துக் குன்னூரில் 1907இல் எழுந்த நிலையமும் அவர் பெயரைத் தாங்கியது.

அன்னக்கழுத்துக் குடுவை நமக்குப் புகட்டும் பாடம் யாது? தீ, பானையில் உள்ள கிருமியைக் கொல்லும். பின்னர் வருவதைத் தடுக்காது. பச்சை இறைச்சி நறுக்கிய கத்தியாற் சம்பலுக்கு வெங்காயம் அரிவதும், கழுவாத கையாற் சோறு பரிமாறுவதும் குடுவையின் கழுத்தை ஒடித்தலை ஒக்கும். மேலும், சில கிருமிகள் கொதியையும் தாங்கும் வித்திகளாய் உறங்கிக் கிடக்கும் என்பதை அவரும் அவர்காலத்து அறிஞரும் கண்டனர். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டிற் கிருமிகள் விரைந்து பெருகும். ஆதலின், ஆக்கிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தலாகாது. கிடாரத்துச் சோற்றின் நடுப்பகுதி எளிதில் ஆறாது. மிஞ்சியதை அகன்ற கலங்களிற் பரப்பி ஆற்றிக் குளிரூட்டியில் வைத்தல் நன்று. பொதியாய்க் கட்டிய சோற்றைக் காலந்தாழ்த்தாது உண்ணல் வேண்டும். மறுமுறை சூடேற்றினாற் போதும் எனவும் எண்ணலாகாது. கிருமி மடியினும் அது முன்னரே உமிழ்ந்த நஞ்சு சில வேளை அழியாது.

விருந்தில் அமர்ந்தால் பாஸ்டர் அப்பத்தைப் பிட்டு உற்று நோக்குவார். தட்டையும் கிண்ணத்தையும் துடைத்த பின்னரே உண்பார். உடனிருந்தோர் அதனை விந்தையாய்க் கருதினர் என்பர். 1895 செப்டெம்பர் 28ஆம் நாள் அவர் மறைந்தார். பிள்ளைகளைப் புதைத்த தந்தையின் அச்சமும், குடுவையைக் காத்திருந்து நோக்கிய அறிஞரின் தெளிவும் அப்பழக்கத்திற் கலந்திருந்தன போலும். பிள்ளைகளுக்குச் சோறிடுமுன் கை கழுவும் தாய் அதே தெளிவையே பேணுகின்றாள்.