மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றிய கங்காராம்

பஞ்சாபில் கால்வாய் வெட்டினார்கள். பள்ளத்து நிலத்தில் கோதுமை விளைந்தது. மேட்டு நிலமோ காய்ந்து கிடந்தது. கண் எதிரே தண்ணீர் ஓடியும் பயன் இல்லை!

அந்த மேட்டு நிலத்தில்தான் கை வைத்தார், கங்காராம்.

அவர் 1851-ல் பிறந்தவர். ரூர்க்கியில் படித்து இஞ்சினீயர் ஆனவர். லாகூரில் பல பெரிய கட்டிடங்களைக் கட்டியவர். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்றதும், விவசாயத்தில் இறங்கினார்.

கங்காபூரில் இருந்த அவரது நிலத்துக்குப் பெரிய பம்பு தேவைப்பட்டது. புச்சியானா ரெயில் நிலையம் வரை அது வந்துவிட்டது. அதற்கு மேல் பாதை இல்லை. கங்காராம் சும்மா இருப்பாரா? சொந்தமாகத் தண்டவாளம் போட்டார். குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார்! பிறகு அந்தக் குதிரை ரெயிலில் ஊர் மக்களும் போய் வந்தார்கள்.

அடுத்து மான்ட்கோமரி ஜில்லாவில் 50,000 ஏக்கர் தரிசைக் குத்தகைக்கு எடுத்தார். இத்தனை நிலத்துக்கும் தண்ணீர் இறைப்பது எப்படி? கால்வாயையே வேலை வாங்கினார். ரெனாலா குர்த் என்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் உயரத்தில் இருந்து விழுந்தது. அந்த வேகத்தில் சக்கரம் சுழன்றது, மின்சாரம் பிறந்தது. அந்த மின்சாரம் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றியது. சக்கரத்தைச் சுற்றிய தண்ணீரும் வீணாகவில்லை. கால்வாயோடு போய் வேறு வயல்களில் பாய்ந்தது. இதுதான் கெட்டிக்காரத்தனம்!

1925-ல் அந்த மின்நிலையம் திறக்கப்பட்டது. 1,000 மைல் வாய்க்கால்களையும் தம் சொந்தச் செலவில் வெட்டினார்.

சம்பாதித்த பணத்தில் லாகூரில் ஆஸ்பத்திரி கட்டினார். விதவைகளின் மறுமணத்துக்கும் வாரி வழங்கினார்.

1927-ல் லண்டனில் காலமானார். அஸ்தியில் ஒரு பகுதி கங்கையில் கரைக்கப்பட்டது. மறு பகுதி லாகூருக்கு வந்து சேர்ந்தது.