ஏழை கர்ப்பிணிகளை காப்பாற்றிய டாக்டரம்மா லூசி! சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வு செய்தவர்

மாசமா இருக்கிற பெண்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு போனால் சத்து மாத்திரை கொடுப்பாங்க. சிவப்பு நிற மாத்திரை. அதில் இரும்புச்சத்தோடு போலிக் ஆசிட் என்ற சத்தும் இருக்கு.

இப்படி ஒரு சத்து இருப்பதை கண்டுபிடித்து எழுதியவர் இங்கிலாந்தை சேர்ந்த பெண் டாக்டர் லூசி வில்ஸ். இவர் நம்ம குன்னூரிலும், சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தவர் என்பது பலருக்கும் தெரியாத சேதி.

பட்டம் கிடைக்கவில்லை

1888-ம் ஆண்டு மே 10-ந்தேதி பர்மிங்காம் அருகே பிறந்தவர் லூசி. கேம்பிரிட்ஜில் தாவரவியல், நிலவியல் படித்து 1911-ல் பரீட்சை முடித்தார். ஆனால் பட்டம் தரவில்லை. பொம்பளைங்களுக்கு அங்கே 1948 வரை முழு பட்டம் கிடையாது.

அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்து விடவில்லை. லண்டனில் பெண்களுக்கான மருத்துவ கல்லூரியில் சேர்ந்து 1920-ல் டாக்டர் ஆனார்.

பம்பாயில் பரிதாபம்

அந்த காலத்தில் இந்தியாவில் கர்ப்பிணிகள் கடுமையான ரத்த சோகையால் செத்துக்கொண்டு இருந்தார்கள். காரணம் தெரியாமல் டாக்டர்கள் தவித்தனர். இதை ஆராய 1928-ல் பம்பாய் ஹாப்கின் நிலையத்துக்கு வந்தார் லூசி.

யாருக்கு இந்த நோய் அதிகம் வருது, அவங்க என்ன சாப்பிடுறாங்க என்று விசாரித்தார். சாப்பாட்டில் காய்கறி, பழம், பால் குறைவாக இருந்த ஏழை பெண்களுக்குத்தான் நோய் அதிகம் என்று தெரிய வந்தது. கோளாறு சாப்பாட்டில்தான் என்று சந்தேகப்பட்டார்.

உயிர் பிழைத்த குரங்கு

1929-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வை தொடர்ந்தார். எலிகளுக்கு ஏழை பெண்களின் சாப்பாட்டையே கொடுத்து பார்த்தார். ஆனால் எலிகளை வேறொரு கிருமி தாக்கியதால் குழப்பம் ஏற்பட்டது.

அடுத்து குரங்குகளுக்கு அதே சாப்பாடு. சாகக்கிடந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்தார். பீர் தயாரிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டில் இருந்து செய்யும் பசை இது. விலை மலிவு. குரங்கு மடமடவென தேறியது!

அதையே கர்ப்பிணிகளுக்கு கொடுத்தார். அவர்கள் உடம்பிலும் ரத்தம் ஊறியது. 1931-ல் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி நடந்தது.

காத்திருக்காமல் எழுதினார்

மார்மைட்டில் உள்ள எந்த சத்து நோயை விரட்டுது? அது லூசிக்கே தெரியாது. அது தெரிகிற வரை பேசாமல் இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை.

1930 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1931-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஈஸ்ட் வைத்தியம் பற்றிய கட்டுரை வந்தது. சத்தின் பெயர் தெரியாவிட்டாலும் வைத்தியம் எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்து போனது. விலை அதிகமான ஈரல் மருந்து வாங்க முடியாத ஏழைகளுக்கு வழி பிறந்தது.

சுத்தம் செய்த ஈரல் மருந்து இந்த நோயை குணமாக்கவில்லை, சுத்தம் செய்யாத ஈரல் மருந்து குணமாக்குது என்பதையும் அவர் பின்னாளில் எழுதினார். இது புது சத்து என்பதற்கு அதுதான் சாட்சி. மற்றவர்கள் அதை வில்ஸ் சத்து என்றே அழைத்தனர். 1941-ல் அமெரிக்காவில் கீரையில் இருந்து அந்த சத்தை பிரித்தெடுத்தனர். அதுதான் போலிக் ஆசிட்.

கவுன்சிலர் லூசி

கல்யாணம் செய்து கொள்ளாத லூசி, கடைசி காலத்தில் லண்டன் செல்சியில் தொழிலாளர் கட்சி கவுன்சிலராக இருந்தார். 1964-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இறந்தார்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மூளை, தண்டுவட குறைபாடு வராமல் தடுக்கவும் போலிக் ஆசிட் உதவும் என்று 1991-ல் நிரூபணம் ஆனது.

ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருக்கு. அதனால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையை அலமாரியில் போட்டு வைக்காதீங்க. அது ஏழை பெண்களுக்காக ஒரு டாக்டரம்மா தேடிக் கண்டுபிடித்த சத்து என்பது குறிப்பிடத்தக்கது.