பெர்னார்டினோ ராமசினி

நோயாளியின் நாடியைப் பார்க்கும் மருத்துவர் பலர். அவனுடைய வாழ்க்கையை வினவி அறிபவர் சிலர். அச்சிலருள் முதன்மை சான்றவர் இத்தாலி நாட்டு ராமசினி என்பார். தொழிலால் வரும் நோய்களை ஆராயும் கலைக்குத் தந்தை என்று அறிஞர் இவரைப் போற்றுவர். ஆயினும், பெண்டிரின் மார்பில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி இவர் கண்டுரைத்த உண்மையை அறிந்தோர் மிகச் சிலரே. அதனை இவர் வரலாற்றோடு சேர்த்து ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

இவர் 1633-ஆம் ஆண்டில் கார்ப்பி என்னும் ஊரில் பிறந்தார்; பார்மா நகரில் மருத்துவம் பயின்று 1659-இல் பட்டம் பெற்றார். பின்னர் மோதெனா நகரில் குடியேறி, 1682-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்தே ஒருநாள், தம் இல்லத்து மலக்குழியைத் துப்புரவு செய்த ஏழைத் தொழிலாளி ஒருவன் மூச்சு முட்ட விரைந்து வேலை செய்வதை இவர் கண்டார். அவ்விரைவுக்குக் காரணம் யாதென அன்போடு வினவினார். நான்கு மணி நேரத்திற்கு மேல் அங்கு நின்றால் கண்ணொளி கெடும் என்று அவன் விடையளித்தான். அவன் கண்களைச் சோதித்த ராமசினி, அவை சிவந்து ஒளி மங்கியிருக்கக் கண்டு உள்ளம் உருகினார். அன்றுதொட்டுத் தொழிற்சாலைகளினும் கடைத்தெருக்களினும் புகுந்து, உழைப்பாளர் படும் பிணிகளை ஆராயலானார். முன்னோர் வகுத்த வினாக்களோடு, நோயாளியின் தொழில் யாது என்னும் வினாவையும் மருத்துவர் கேட்டல் வேண்டும் என வற்புறுத்தினார்.

இவ்வாராய்ச்சியின் பயனாக 1700-இல் இலத்தீன் மொழியில் பெருநூல் ஒன்று வெளிவந்தது. அதில் நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்களின் நோய்கள் விரிக்கப்பட்டுள்ளன. பாலூட்டும் செவிலியரைப் பற்றிய பகுதியில் இவர் கன்னியாஸ்திரீகளையும் நினைவுகூர்கின்றார். மார்பிற் புற்றுநோய் ஏனைய மகளிரினும் அவர்கட்கே மிகுதியாக வருகின்றதென்றும், அந்நோய் புகாத கன்னியர் மடம் அரிதென்றும் எழுதினார். கருப்பைக்கும் கொங்கைக்கும் மறைவான உறவொன்று உண்டெனக் கருதி, அவர்தம் மணவாத வாழ்வே இதற்குக் காரணம் என்றார்.

இக்கூற்றைப் பிற்காலத்தார் எண்ணிக்கையால் ஆராய்ந்தனர். வெரோனா நகரின் இறப்புப் பதிவுகளை ஆய்ந்த ரிகோனி ஸ்டெர்ன் என்பார், 1842-இல் இதனையே கண்டார். இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேப்பன் அம்மையார், நோயுற்ற மகளிர் 500 பேரையும் அந்நோயற்ற மகளிர் 500 பேரையும் ஒப்பிட்டு, 1926-இல் மகப்பேற்றின் தொடர்பைக் காட்டினார். முப்பது நாடுகளின் 47 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2002-இல் வெளிவந்த அறிக்கை, ஒவ்வொரு மகப்பேற்றாலும் நோய்வாய்ப்பு நூற்றுக்கு ஏழு பங்கும், பாலூட்டிய ஒவ்வோராண்டுக்கும் நூற்றுக்கு நான்கு பங்கிற்குச் சற்று மேலும் குறையும் என்றது.

காரணமும் இன்று விளங்குகின்றது. மாதந்தோறும் சூற்பை சுரக்கும் ஹார்மோன்கள் மார்பின் உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகின்றன. ஆகவே இளமையிலே பூப்பெய்தி, முதுமையிலே மாதவிடாய் நிற்கப்பெறும் மகளிர்க்கு இடர் சற்று மிகுதி. கருவுற்றிருக்குங் காலத்தும் பாலூட்டுங் காலத்தும் அச்சுழற்சி பெரும்பாலும் ஓய்கின்றது. உயிரணுக்களும் பால்சுரக்கும் தொழிலுக்கென முதிர்ச்சி அடைகின்றன. இளமையில் மகப்பெறுதல் பிற்காலத்தே மிகுந்த காவலாகும். எனினும் பேறுகாலத்தை அடுத்த சில ஆண்டுகளில் இடர் சிறிது கூடுதலும் உண்டு.

இதனால் மகப்பெற்றோர் அனைவரும் தப்பினர் என்றாதல், மகவில்லாதார் அனைவரும் நோயுறுவர் என்றாதல் கொள்ளற்க. மலடி என்று ஒருத்தியைப் பழிப்பார்க்கும், நோயைத் தண்டனை என்பார்க்கும் இதில் இடமில்லை. பிறவிக்குருடனைக் கண்டு இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என வினவிய சீடர்க்கு நம் ஆண்டவர் அளித்த விடையை யாம் மறக்கலாகாது. பிறர் பிள்ளைகளைப் பேணுதற்கென்று தம்மை இறைவனுக்கு ஒப்புவித்த கன்னியர், தம் உடலாலும் ஒரு விலை கொடுத்தனர். அவ்விலையை முதன்முதல் கணக்கிட்டு எழுதியவருள் ஒருவர் ராமசினி. கன்னியர்க்கும் துறவியர்க்கும் மார்பைச் சோதித்தறியும் வாய்ப்பை நாம் மறவாது அளித்தலே அவர் உரையின் பயனாகும்.

1700-ஆம் ஆண்டிலேயே பாதுவா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. முதுமையில் அவருடைய கண்ணொளியும் மங்கிற்று. எனினும் நூலை விரித்து 1713-இல் மீண்டும் வெளியிட்டு, 1714 நவம்பர் 5-ஆம் நாள், தம் எண்பத்தோராம் வயதில் அந்நகரிலேயே உயிர்நீத்தார். மலக்குழியில் நின்ற ஏழையையும் மடத்துள் மறைந்திருந்த கன்னியையும் ஒரே கருணையோடு நோக்கியவர் அவர். நம்முள் மருத்துவராகப் போகின்றவர்கள் அவ்வினாவைக் கேட்கக் கற்பார்களாக.