ஹக்கீம் இப்னு சீனாவும் நம் பெரியவர்களின் கண்களும்

ஹக்கீம் இப்னு சீனா அவர்களின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் வெகு சிலரே. எனினும், ஈப்போவிலும் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளிலும் வியாபாரம் செய்யும் நமக்கு அன்னாரின் சரிதையில் தனியானதோர் படிப்பினை இருக்கிறது.

அன்னார் ஹிஜ்ரி 370, அதாவது கி.பி. 980-ல், புகாராவை அடுத்த அஃப்ஷனா கிராமத்தில் பிறந்தார். பத்து வயதில் திருக்குர்ஆனை மனனம் செய்து முடித்தார். பதினெட்டு வயதை எட்டுமுன்பே வைத்தியத்தில் பெயர் பெற்று, புகாரா அரசர் நூஹ் இப்னு மன்சூரின் நோய்க்குச் சிகிச்சை செய்தார். அதன் பயனாக அரண்மனை நூல்நிலையம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது.

பின்னர் வாழ்க்கை அவரை ஊர் ஊராக அலைக்கழித்தது. ஹமதானில் மந்திரியானார்; அதே நாட்டில் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். பகலில் அரசாங்க வேலை, இரவில் மாணவர்களுக்குப் பாடம் என்ற ஓயாத உழைப்பினூடே, ‘அல்கானூன்’ என்னும் ஐந்து பாக வைத்திய நூலை எழுதினார். லத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல் ஐரோப்பியக் கலாசாலைகளில் பல நூற்றாண்டு பாடமாக விளங்கியது.

நாம் இனிப்பு நீர் என்று சொல்லும் வியாதியை அன்னார் நன்கு கவனித்திருந்தார். அடங்காத பசி, நீரில் தங்கும் இனிப்பு, சதை அழுகுதல் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். கண் நோய்களைப் பற்றியும் விரிவாக எழுதினார். ஆனால் உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் நோக்கி, பின்புறமுள்ள விழித்திரையைக் காண அக்காலத்தில் வழியில்லை. 1851-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கான கருவியை உலகுக்கு அறிவித்த பின்னரே, இனிப்பு நீர் அங்கே செய்யும் நாசம் தெரிய வந்தது.

மலேசியாவில் 2019-ல் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, வயது வந்தோரில் 100-க்கு 18 பேருக்கு இவ்வியாதி உண்டு. இந்தியர்களிடையே 100-க்கு 31 பேர். வயது ஏற ஏறத் தொகையும் கூடுகிறது. 2007-ஆம் ஆண்டின் தேசியக் கண் பதிவேட்டில், கண் சோதிக்கப்பட்ட இனிப்பு நீர்க்காரர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் விழித்திரை கெட்டிருந்தது. இதில் வலியில்லை, ஆரம்பத்தில் பார்வையும் மங்குவதில்லை. மெல்லிய இரத்தக் குழாய்கள் உள்ளே கசிந்து கொண்டிருக்க, நாம் கல்லாவில் அமர்ந்து கணக்கு எழுதிக் கொண்டிருப்போம். பார்வை மங்கிய பின் போனால், இழந்ததை முழுவதும் மீட்பது அரிது. முன்கூட்டிக் கண்டால் லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம்.

இப்னு சீனா அவர்களின் முடிவையும் சொல்ல வேண்டும். கடும் வயிற்று நோய் கண்டபோதும் அன்னார் ஓய்வு கொள்ளாமல் அரசருடன் பயணம் சென்றார். சற்றுத் தேறியதும் பேணுதலைக் கைவிட்டார். நோய் திரும்பத் திரும்ப வந்தது. ஹிஜ்ரி 428, கி.பி. 1037, ரமலான் மாதத்தில் ஹமதானில் காலமானார். உலகுக்கே வைத்தியம் சொன்னவர், தம் உடலுக்கு அவகாசம் தரவில்லை.

கடையை விட்டு வர நேரமில்லை என்று சொல்லும் நம் பெரியவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அந்த மாமேதைக்குக் கிட்டாத கருவி இன்று நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருடம் ஒரு முறை மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைச் சோதித்துக் கொள்ளட்டும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்கட்டும். பிள்ளைகள் ஒரு நாள் கடையைப் பார்த்துக் கொண்டு அவர்களை அனுப்பி வைப்பார்களாக.