இராபர்ட் புரூசு ஃபூட்

இராபர்ட் புரூசு ஃபூட் (செப்டம்பர் 22, 1834 - டிசம்பர் 29, 1912) ஒரு பிரித்தானிய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 1863 ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்ததே இப்பெயருக்குக் காரணம். எனினும், தென்னிந்தியாவின் பாறைகளையும் மண்வகைகளையும் கனிமங்களையும் நடந்து பார்த்து வரைபடத்தில் குறிப்பதே இவரது பணியாக இருந்தது. கற்கருவிக்காக மட்டும் இவரை நினைவுகூர்வது பாதிக் கணக்கே ஆகும்.

வாழ்க்கை

ஃபூட் இங்கிலாந்தின் செல்டன்காம் நகரில் பிறந்தார். 1858 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியமர்த்தப்பட்டார். இவரது மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர்.

பல்லாவரம்

1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் படைப்பயிற்சித் திடலை ஒட்டிய சரளைக்குழியில் குவார்சைட்டு எனப்படும் படிகக்கல்லில் செதுக்கிய கைக்கோடரி ஒன்றை ஃபூட் கண்டார். அழிந்துபோன விலங்குகளின் காலத்தில் மனிதனும் வாழ்ந்தான் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவருடன் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது.

கருவியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளாமல், அது எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதையும் ஃபூட் சேர்த்தே எழுதி வைத்தார். நிலவியலாளருக்கு இது இயல்பான பழக்கம். அக்காலத்தில் அரும்பொருள் சேகரித்த பலரிடம் இது இல்லை.

திருநெல்வேலிச் சீமையில்

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் குறித்த இவரது அறிக்கை 1883 இல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் முதல் மன்னார் வளைகுடாக் கரை வரையிலான பரப்பை இது விவரிக்கிறது. சாத்தூர், கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர் ஆகிய ஊர்களைக் கொண்ட கரிசல் வட்டாரமும் இதில் அடங்கும்.

கரிசல் மண் எரிமலைப் பாறையான பசால்ட்டிலிருந்து தோன்றியது என்றே பாடநூல்களில் படிக்கிறோம். தக்காணத்துக்கு அது பொருந்தும். ஆனால் கோவில்பட்டிப் பகுதியில் பசால்ட்டு கிடையாது. இங்குக் கரிசலுக்கு அடியில் இருப்பது நைசு முதலிய உருமாறிய பாறைகளே. மண்ணின் நிறத்தை மட்டும் பார்த்து அடியிலுள்ள பாறையை ஊகிப்பவர் இங்கே ஏமாந்து போவார். கரிசல் பல இடங்களில் பாறையை முழுவதும் மூடிவிடுவதால், கிணறுகளும் ஓடைக்கரைகளும் ஆங்காங்கே தலைகாட்டும் குன்றுகளுமே நிலவியலாளருக்குச் சான்று தருவன. பந்தல்குடியிலும் தாழையூத்திலும் பிற்காலத்தில் சிமெண்டு ஆலைகளுக்குப் பயன்பட்ட சுண்ணாம்புக்கல், இவ்வகை உருமாறிய பாறைகளினூடே பட்டை பட்டையாக அமைந்ததாகும்.

கடற்கரையை அடுத்த செம்மணல் தேரிகளையும் ஃபூட் ஆராய்ந்து, அவை காற்றினால் குவிந்தவை என விளக்கினார். சாயர்புரம் பகுதியில் சிறு கற்கருவிகளையும் சேகரித்தார்.

தங்கமும் தார்வார் பாறைகளும்

கனிம ஆய்வில் இவரது முதன்மையான பங்களிப்பு கன்னட நாட்டில் நிகழ்ந்தது. கோலார், பெல்லாரி, தார்வார் வட்டாரங்களில் நீண்ட பட்டைகளாகக் காணப்படும் படலப்பாறைத் தொகுதிகளை, சூழ்ந்துள்ள நைசிலிருந்து பிரித்து, தார்வார் தொகுதி என 1880களில் பெயரிட்டார். தென்னிந்தியாவின் தங்கம் பெரும்பாலும் இப்பட்டைகளிலேயே உள்ளது என்பதையும் எடுத்துக்காட்டினார். இதனால் தங்கம் தேடுவோர் மாகாணம் முழுவதையும் தோண்டிப் பார்க்க வேண்டியிராமல், சில பட்டைகளில் கவனம் செலுத்த முடிந்தது. கோலார் சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டுவிட்டன. தார்வார் என்னும் பெயர் நிலவியலில் நிலைத்துவிட்டது.

பிற்காலம்

1891 இல் ஓய்வு பெற்றபின் பரோடா சமத்தானத்திற்காக ஆய்வு செய்தார். அதன் நிலவியல் பற்றிய நூல் 1898 இல் வெளிவந்தது. மைசூர் சமத்தானத்திலும் பணியாற்றினார். இவரது கற்கருவித் தொகுப்பை 1904 இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. 1912 இல் கல்கத்தாவில் காலமானார். ஏற்காட்டிலுள்ள திரித்துவ ஆலயத்தில் இவரது நினைவிடம் உள்ளது.

கணினி வரைபடங்களில் ஃபூட்டின் பணி

இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தனது வரைபடங்களைப் பூகோசு என்னும் இணையவாயிலில் அடுக்குகளாக வழங்குகிறது. 2023 டிசம்பரில் தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் தொடங்கப்பட்டது. பாறை வகை, வேதியியல் அளவீடு, காந்தப்புல அளவீடு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எங்கே துளையிடலாம் என முடிவு செய்ய இவை உதவுகின்றன.

ஃபூட் காலத்து வரைபடத்தை இதனுடன் இணைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கால நில அளவைத் தாள்களின் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்திற்கு அன்று கொள்ளப்பட்ட மதிப்பைச் சார்ந்தவை. அம்மதிப்பு சுமார் இரண்டரைக் கோணநிமிடம் மிகையானது எனப் பின்னர் தெரிந்தது. தாளின் ஓரத்தில் அச்சிட்டுள்ள எண்களை அப்படியே கணினியில் ஏற்றினால், திருநெல்வேலிச் சீமையில் ஒவ்வோர் ஊரும் நான்கு கிலோமீட்டருக்கும் மேலாகக் கிழக்கே நகர்ந்துவிடும். கடற்கரை ஊர்கள் மன்னார் வளைகுடாவுக்குள் போய் நிற்கும். ஆகவே குன்றின் உச்சி, கோயில் போன்ற இடம்மாறாத அடையாளங்களைப் பழைய தாளிலும் செயற்கைக்கோள் படத்திலும் பொருத்தியே திருத்த வேண்டும்.

இவரது அறிக்கைகளும் கற்கருவிப் பட்டியலும் ஊர்ப்பெயர், ஆறு, மண்ணடுக்கு எனச் சொற்களால் இடம் சுட்டுவதால், எண்கள் பிழைத்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. கரிசல் மூடிய நிலத்தில் செயற்கைக்கோள் படம் பெரும்பாலும் மேல்மண்ணையே காட்டும். அங்கே கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் வேலை இன்றும் ஒழியவில்லை.