கீரைப்பாட்டியை மறவாத மகரிஷி



பகவான் ரமண மகரிஷியின் உபதேசங்களை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஒன்றுமில்லாத நிலையில் அவர் நிறைவோடு வாழ்ந்ததையும், ஒன்றுமில்லாத ஒரு மூதாட்டியை இறுதிக்காலம் வரை நினைத்திருந்ததையும் இம்முறை சிந்திப்போம்.

பாண்டிநாட்டுத் திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆம் திகதி சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் மகனாகப் பிறந்தவர் வேங்கடராமன். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்து மதுரையில் சிறிய தந்தையார் வீட்டில் வளர்ந்தார். 1896 ஆகஸ்ட் 29ஆம் திகதி, தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் வழிச்செலவுக்கு மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மிகுதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு வீட்டை நீங்கினார். செப்டெம்பர் 1ஆம் திகதி திருவண்ணாமலையை அடைந்தார். அன்றே கையில் மிஞ்சியிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தார். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக உடுத்திக்கொண்டார். 1950இல் சமாதியடையும் வரை அத்தலத்தை விட்டு அகலவேயில்லை.

1899 முதல் 1916 வரை மலையிலுள்ள விரூபாக்ஷ குகையில் வசித்தார். உடனிருந்த அடியார்கள் ஊருக்குள் சென்று பிச்சை ஏற்று வருவார்கள். கிடைத்தது போதாத நாட்களில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, வெந்நீர் விட்டுக் கஞ்சியாக்கிப் பகிர்ந்து உண்பார்கள். உப்புக்கூட இராது. இன்று உப்பைக் கேட்டால் நாளை பருப்பைக் கேட்கத் தோன்றும், ஆசைக்கு முடிவிராது என்பது பகவானின் எண்ணம். அவருடைய துண்டு ஓட்டை ஓட்டையாகக் கிழிந்திருந்தது. கோவணம் கிழிந்தபோது முள்ளை ஊசியாக்கி, அதிலிருந்தே நூல் பிரித்துத் தாமே தைத்துக்கொண்டார். இதைத் தற்செயலாக அறிந்த அடியார்கள் மனம் பதைத்தனர். அவருக்கோ அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

அக்காலத்தில் குகை நமசிவாயர் மண்டபத்தில் ஓர் ஏழை மூதாட்டி தனியே வாழ்ந்தார். மலையில் கீரை பறித்துச் சமைப்பதால் கீரைப்பாட்டி என்று பெயர். வீடு வீடாகச் சென்று கிடைத்த அரிசி, பருப்போடு கீரையையும் சமைத்துப் பகவானுக்குக் கொண்டுவந்து கொடுத்த பின்பே தாம் உண்பார். அதிகம் ஒன்றுமில்லை, கொஞ்சம் கீரைதான் என்று கூச்சத்தோடு சொல்லியே பரிமாறுவார். பாட்டியால் வெளியே போக முடியாத நாட்களில் பகவானே இலைகளையும் முருங்கைக்கீரையையும் பறித்துக்கொண்டு போய்க் கொடுப்பார். பாட்டி அதைச் சமைத்து மீண்டும் அவருக்கே கொண்டுவருவார்.

பாட்டி, 1922இல் அழகம்மை அம்மையார் மறைவதற்கு முன்பே காலமானார். 1926இல் ஆச்சிரமத்துக்குக் கன்றாக வந்த பசு லக்ஷ்மி, அந்தப் பாட்டியின் மறுபிறவி என்றே அடியார்கள் நம்பினார்கள். 1948இல் லக்ஷ்மி மறைந்தபோது பகவான் அதன் அருகிலிருந்து விடைகொடுத்தார். அதன் சமாதி இன்றும் ஆச்சிரமத்தில் உள்ளது.

பின்னாளில் ஆச்சிரமம் பெருகிற்று. பல நாடுகளிலிருந்தும் அன்பர்கள் வந்து குவிந்தார்கள். அப்போதும் பகவான் பந்தியில் மற்றவர்களுக்கு இடுவதையே தமக்கும் இடச் சொன்னார். சிந்திய அரிசி மணிகளைத் தம் கையாலேயே பொறுக்கி எடுத்தார். கீரைப்பாட்டி ஊட்டிய நாட்களை அடியார்களிடம் அன்போடு எடுத்துச் சொன்னார்.

நம்மில் பலர் ஒரே ஒரு பெட்டியோடு இந்நாட்டில் வந்து இறங்கியவர்கள். அன்று யாரோ ஒருவர் தமது சிறிய அறையில் நமக்குப் படுக்க இடமும் ஒரு பிடி சோறும் தந்திருப்பார். அவருக்கும் அன்று அதிகம் இருந்திராது. இன்று நம் வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கின்றன. ஆயினும் இன்னும் போதவில்லை என்கிறோம். அந்த மனிதரை நினைத்து எத்தனை காலமாயிற்று?

இந்த வாரம் அவர் எங்கிருக்கிறார் என்று விசாரித்து, ஒரு தடவை போய்ப் பார்த்து வருவோமாக. போகும்போது நம் வீட்டில் சமைத்ததில் கொஞ்சம் கொண்டு செல்வோம். அது கீரையாக இருந்தாலும் போதும்.