அன்சாரி நகருக்குப் பெயர் தந்தவர்

தலைநகரில் வாழும் தமிழர்களில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் வாசலை மிதிக்காதவர்கள் குறைவு. ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்த உறவினரை அழைத்துக்கொண்டு, ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் இடத்துக்கு அன்சாரி நகர் என்று பெயர். தரியாகஞ்சில் பதிப்பகங்கள் நிறைந்த வீதி ஒன்று உண்டு. அது அன்சாரி ரோடு. கடிதத்தின் மேல் விலாசமாக எழுதி எழுதிப் பழகிவிட்ட இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் டாக்டர் முக்தார் அகமது அன்சாரி. வைத்தியம் படிப்பதற்காக வீட்டை விட்டு வெகுதூரம் போன ஒரு முஸ்லிம் மாணவர். போன இடத்திலேயே வசதியாகத் தங்கியிருக்கக்கூடியவர். தங்காமல் திரும்பி வந்தவர். அவருக்கும் நம் சென்னைக்கும்கூட ஓர் உறவு உண்டு.

நாடி பிடித்த குடும்பம்

காசிக்கு அப்பால் கங்கைக் கரையில் காஜிப்பூர் ஜில்லா இருக்கிறது. அந்த ஜில்லாவில் யூசுப்பூர் என்ற ஊரில் 1880-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி அன்சாரி பிறந்தார். பள்ளிப் படிப்பு காஜிப்பூரில். குடும்பத்தில் யூனானி வைத்தியம் உண்டு. அவருடைய அண்ணன்மாரில் ஒருவரான ஹக்கீம் அப்துல் வஹாப் கண் பார்வை இல்லாதவர். ஆனால் நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர் பெற்றவர். பார்வையற்றவர் என்ற பொருளில் மக்கள் அவரை ஹக்கீம் நபீனா என்றே அழைத்தார்கள். பிற்காலத்தில் கவிஞர் இக்பாலே அவரிடம் வைத்தியம் செய்துகொண்டார்.

குடும்பம் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. அன்சாரி அங்கே நிஜாம் கல்லூரியில் படித்து 1900-ல் தேறினார். அந்தக் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தது. வடக்கே பிறந்த பையன் உயர்படிப்புக்குத் தெற்கே வந்தான். பிழைப்புக்காக நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்த கதையைத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது!

மூன்றரை மணிக்கே அஸ்தமனம்

நிஜாம் சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1901-ல் அன்சாரி கப்பலேறினார். பம்பாயிலிருந்து இங்கிலாந்து போய்ச் சேர அப்போது ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். வீட்டுக்குப் போடும் கடிதமும் அதே கடல் வழியாகத்தான் வரவேண்டும். அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று மகன் எழுதிக் கேட்டால், பதில் கைக்கு வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிடும்.

அவர் போய்ச் சேர்ந்தது ஸ்காத்லாந்திலுள்ள எடின்பரோ. வைத்தியப் படிப்புக்கு உலகப் புகழ் பெற்ற சர்வகலாசாலை அது. நம் நாட்டு ரசாயன மேதை பிரபுல்ல சந்திர ராய் அதற்கு முன்பே அங்கே படித்துத் திரும்பியிருந்தார். இந்திய மாணவர்கள் 1883-லேயே அங்கே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஆகவே பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் போகவில்லை.

இருந்தாலும் ஒரு முஸ்லிம் மாணவனுக்கு அங்கே வாழ்க்கை சுலபமாக இருந்திருக்க முடியாது. பாங்கொலி கேட்டு எழுந்து பழகியவன் அந்த ஊரில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தொழுகை நேரத்தை அறியவேண்டும். தட்டில் வரும் மாமிசம் என்ன மாமிசம், எப்படி அறுத்தது என்று ஒவ்வொரு வேளையும் யோசிக்கவேண்டும். அன்சாரி அங்கே படித்த ஆண்டுகளில் ரமலான் மாதம் குளிர்காலத்தில் வந்தது. எடின்பரோவில் டிசம்பர் மாதத்தில் பகல் ஏழு மணி நேரம்தான். பிற்பகல் மூன்றரை மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். காஜிப்பூரில் பெருநாள் போல வீடே கூடி நோன்பு திறக்கும் நேரம், அங்கே மாணவர்கள் வகுப்பிலும் பிண அறுவைக் கூடத்திலும் நிற்கும் நேரம். நோன்பு மணிக்கணக்கில் குறுகியது. தனிமை அப்படியல்ல.

அண்ணன் விரல் நுனியால் நோயை அறிந்தார். தம்பி கத்தியாலும் பூதக்கண்ணாடியாலும் அறியக் கற்றுக்கொண்டார். 1905-ல் பட்டம் பெற்றார்.

வெள்ளைக்காரர் நடுவே

பட்டம் வாங்கிய கையோடு அவர் கப்பலேறவில்லை. லண்டனில் லாக் ஆஸ்பத்திரியில் ரெஜிஸ்ட்ராராகவும், சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகவும் பணிபுரிந்தார். அந்த நாளில் இந்தியரான ஒருவர் இவ்விதப் பதவிகளில் அமர்வது மிக அபூர்வம். இந்தியாவை வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். அவனுடைய தலைநகரத்தில், அவனுடைய ஜனங்களின் உடம்பில் கத்தி வைக்கும் பொறுப்பு ஓர் இந்திய முஸ்லிம் இளைஞரின் கையில் இருந்தது.

லாக் ஆஸ்பத்திரி மேக நோய்களுக்கானது. அங்கே வருகிறவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு வருவார்கள். உற்றாரிடம் சொல்ல முடியாத நோய் அது. கௌரவமான குடும்பத்துப் பிள்ளை ஒருவர், உலகம் ஒதுக்கிய அந்த நோயாளிகளின் நடுவில் தொழில் பழகினார். வலிக்கு ஜாதியும் மதமும் இல்லை என்று மேடையில் பேசுவது எளிது. அன்சாரி அதைப் படுக்கைக்குப் படுக்கை போய்த் தெரிந்துகொண்டார்.

லண்டனில் அவருக்குப் பெயர் இருந்தது. வருமானத்துக்கும் வழி இருந்தது. அங்கேயே இருந்துவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் 1910-ல் அவர் தாயகம் திரும்பினார். தில்லியில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். மறு ஆண்டே தில்லி தலைநகராக அறிவிக்கப்பட்டது. ராஜாக்களும் நவாபுகளும் அவரைத் தேடி வந்தார்கள்.

மீண்டும் ஒரு கப்பல்

1912-ல் பால்கன் யுத்தம் மூண்டது. துருக்கியின் காயமடைந்த போர்வீரர்களுக்கு வைத்தியம் செய்ய இந்திய முஸ்லிம்கள் பணம் திரட்டினார்கள். மௌலானா முகமது அலி அதற்கு முன்னின்றார். அந்த வைத்தியக் குழுவுக்குத் தலைவராக அன்சாரி அவ்வாண்டு டிசம்பரில் புறப்பட்டார். நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலைப் போட்டுவிட்டுப் போனார். கடுங்குளிரில் முகாம் அமைத்து, குண்டடி பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். 1913 ஜூலையில் குழு நாடு திரும்பியபோது அன்சாரியின் பெயர் இந்தியா முழுவதும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு அவரைப் பொதுவாழ்க்கை விடவில்லை. 1918-ல் தில்லியில் முஸ்லிம் லீக் மாநாடு கூடியபோது வரவேற்புக் குழுத் தலைவராக அவர் ஆற்றிய உரையை அரசாங்கம் தடை செய்தது. 1920-ல் லீகின் தலைவரானார். காங்கிரசிலும் முன்னணியில் நின்றார். தரியாகஞ்சில் அவருடைய வீட்டுக்கு அமைதி இல்லம் என்று பொருள்படும் தாருஸ் ஸலாம் என்று பெயர். தில்லிக்கு வந்த தேசியத் தலைவர்களுக்கு அதுவே சத்திரம். 1931-ல் வைசிராய் இர்வினுடன் ஒப்பந்தம் பேசிய நாட்களில் காந்திஜி தங்கியிருந்ததும் அந்த வீட்டில்தான்.

ஆரஞ்சுச் சாறு

1924-ம் ஆண்டில் நாட்டில் இந்து முஸ்லிம் கலவரங்கள் பெருகின. கோஹாட்டில் நடந்த கலவரம் காந்திஜியின் மனத்தை உலுக்கிவிட்டது. செப்டம்பரில் தில்லியில் 21 நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். முதலில் மௌலானா முகமது அலியின் வீட்டில் இருந்தார். பிறகு நகருக்கு வெளியே ஒரு பங்களாவுக்கு மாறினார்.

தினமும் நாடி பார்த்து, உடலைச் சோதித்து, உயிருக்கு ஆபத்து வந்துவிடாமல் காக்கும் பொறுப்பு டாக்டர் அன்சாரிக்கும் அவருடைய சகாவான டாக்டர் அப்துல் ரஹ்மானுக்கும் வந்தது. அது எப்பேர்ப்பட்ட பொறுப்பு என்று யோசித்துப் பாருங்கள். நாட்டில் இரு சமூகங்களும் ஒன்றையொன்று சந்தேகிக்கின்றன. இந்துக்கள் தெய்வமாகக் கொண்டாடும் ஒருவரின் உயிர் இரண்டு முஸ்லிம் டாக்டர்களின் கையில் இருக்கிறது. ஏதாவது விபரீதம் நடந்திருந்தால் நாடு என்ன ஆகியிருக்கும்!

விபரீதம் நடக்கவில்லை. அக்டோபர் 8-ம் தேதி விரதம் முடிந்தது. இமாம் ஒருவர் குர்ஆன் ஓதினார். பாதிரியாராக இருந்த ஆண்ட்ரூஸ் கிறிஸ்தவ கீதம் பாடினார். வினோபா உபநிஷதம் ஓதினார். அதன் பின் ஆரஞ்சுச் சாற்றைக் கொண்டுவந்து காந்திஜியிடம் கொடுத்தவர் டாக்டர் அன்சாரி.

சென்னையில் தலைமை

1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. முந்திய ஆண்டின் தலைவரான நம் சீனிவாச ஐயங்காரை அடுத்துத் தலைமைப் பதவி ஏற்றவர் அன்சாரி. சைமன் கமிஷனைப் பகிஷ்கரிப்பது என்று முடிவானது அந்த மாநாட்டில்தான். ஜவஹர்லால் நேரு கொண்டுவந்த முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறியதும் அங்கேதான். இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கு அன்சாரி தம் உரையில் முதலிடம் தந்தார்.

அதே மாதம் 29-ம் தேதி ஒரு பேரிடி. அவருடைய உயிர் நண்பர் ஹக்கீம் அஜ்மல் கான் காலமானார். கரோல்பாக் வாசிகளுக்கு அஜ்மல் கான் ரோடும் திப்பியா கல்லூரியும் அன்றாடம் கண்ணில் படுபவை. அந்த அஜ்மல் கான்தான் இவர். ஜாமியா மில்லியா என்ற தேசியக் கலாசாலை 1920-ல் அலிகரில் தோன்றி, 1925-ல் இதே கரோல்பாக்குக்கு இடம் மாறியிருந்தது. அதைக் கட்டிக் காத்த அஜ்மல் கான் மறைந்ததும், வேந்தர் பதவி அன்சாரியின் தோளில் விழுந்தது.

பதவி என்றால் பணமில்லாத பதவி. கடன்தான் இருந்தது. ஜாகிர் உசேன் முதலான ஆசிரியர்கள் மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்காமல் 20 ஆண்டுகள் உழைப்பதாக உறுதி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்காக நிதி தேடி அலைவது அன்சாரியின் வேலையாயிற்று. ஒரு காலத்தில் பிறர் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் கடல் கடந்து படித்தவர் அவர். மற்றவர் பிள்ளைகளின் படிப்புக்காகக் கையேந்துவதை அவர் குறைவாக நினைக்கவில்லை.

இரு பக்கமும் இடி

இரண்டு சமூகங்களுக்கும் நடுவில் நிற்கிறவனுக்கு மத்தளத்தின் நிலைதான். தனித் தொகுதி கேட்ட முஸ்லிம் தலைவர்களுக்கு அன்சாரி காங்கிரசின் ஆளாகத் தெரிந்தார். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு அவரையும் அழைக்கவேண்டும் என்று காந்திஜி மன்றாடினார். மற்ற முஸ்லிம் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். வைசிராய் வில்லிங்டன் அவரை நியமிக்கவில்லை. முஸ்லிம்களில் இப்படியும் நினைப்பவர்கள் உண்டு என்று லண்டனில் எழுந்து சொல்ல வேண்டியவரின் நாற்காலி அந்த மாநாட்டில் இல்லாமலே போயிற்று. லண்டனை நன்றாக அறிந்த மனிதர் தில்லியில் இருந்துவிட்டார். சட்டமறுப்புப் போராட்டத்தில் சிறையும் சென்றார்.

தொழிலையும் அவர் கைவிடவில்லை. 1931-ல் மோதிலால் நேருவின் கடைசி நாட்களில் படுக்கையருகே இருந்த டாக்டர்களில் அவரும் ஒருவர். மிருகங்களின் சுரப்பியை மனித உடலில் ஒட்டவைத்து இளமையை மீட்கலாம் என்று ஐரோப்பாவில் அப்போது சில டாக்டர்கள் நம்பினார்கள். அன்சாரியும் அதைச் செய்து பார்த்து 1935-ல் நூலாக எழுதினார். அந்த முறை பிற்காலத்தில் நிற்கவில்லை. ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டி, இருதய நோயோடும் அரசியல் தொல்லைகளோடும், மாணவனைப் போலக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்த நூல் சாட்சி.

கடைசிப் பயணம்

1936 மே மாதம். முசூரி மலையிலிருந்து தில்லிக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். 10-ம் தேதி இரவு, ஓடும் ரயிலில் மாரடைப்பு வந்தது. எத்தனையோ பேரின் மாரில் காது வைத்துக் கேட்ட டாக்டரின் இருதயம் வழியிலேயே நின்றது. அவருக்கு அப்போது வயது 55. ஓக்லாவில் ஜாமியா தன் புதிய இடத்தில் அடிக்கல் நாட்டி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் மறைந்து 11 ஆண்டுகளில் நாடு இரண்டாயிற்று. அவர் வாழ்ந்த தில்லியிலேயே ரத்தம் ஓடியது. ஜாமியாவின் கரோல்பாக் கட்டடங்களும் அந்தக் கலவரத்தில் தப்பவில்லை. அதைப் பார்க்க அவர் இல்லை.

சுதந்திர இந்தியா 1956-ல் தன் தலைசிறந்த ஆஸ்பத்திரியை நிறுவியது. அது நிற்கும் இடம் இந்த வைத்தியரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும், எந்த மொழி பேசுகிறவரும், எந்த மதத்தவரும் அங்கே வந்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த முறை ஊரிலிருந்து வந்த பெரியவரை அழைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவர் பீகாரியா, பின்னால் நிற்பவர் காஷ்மீரியா என்று பார்க்கத் தோன்றினால், எடின்பரோக் குளிரில் தனியே நோன்பு காலத்தைக் கழித்த அந்தக் காஜிப்பூர்ப் பையனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.